முந்திரி பேசப் போய் ஓட்டு எண்ணிக்கை பார்த்த கதை: கானா

டிசம்பர் 4, 2024, புதன் – அக்ரா

பண்ருட்டியில் எங்களுக்கு முந்திரி உடைக்கும் சின்னத் தொழிற்சாலை. உள்ளூர்க் கொட்டை சில மாதங்களுக்குத்தான் காணும். மீதிக்கு ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடியில் வந்து இறங்க வேண்டும். கானாவில் பருவம் பிப்ரவரியில் தொடங்கும் என்றாலும் ஏஜென்டு, கிடங்கு, சாக்கு எல்லாவற்றையும் டிசம்பரிலேயே பேசி முடித்துவிட வேண்டும். அந்த டிசம்பரில் சரியாக 7ஆம் தேதி அவர்களுக்குத் தேர்தல்.

"ஆப்பிரிக்காவில் தேர்தல் நேரம், பத்து நாள் கழித்துப் போயேன்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கும்மிடிப்பூண்டியைத் தாண்டாத பெரியப்பாவும் சொன்னார்.

விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்த ஓட்டுநர்தான் கடைசி நாள் வரை எங்களோடு. ஐம்பது வயதிருக்கும். என்னை "பாஸ்" என்பார். நான் அவரை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்து, அதன் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அதற்கு மட்டும்தான் திரும்பிப் பார்த்தார். போகிற வழியில் ஜூபிலி ஹவுஸைக் காட்டினார். அதிபர் மாளிகை. இந்திய அரசு கொடுத்த கடனில், ஓர் இந்திய நிறுவனம் கட்டி 2008இல் முடித்தது. "உங்க ஆளுங்க கட்டினதாவது நிக்குது. இப்ப இன்னொண்ணு காட்டுறேன்" என்று காரைத் திருப்பினார்.

காட்டியது ஒரு பள்ளம். அதிபர் அகுஃபோ-அட்டோ கட்டுவதாகச் சொன்ன தேசிய தேவாலயம் இருக்க வேண்டிய இடம். அங்கிருந்த அரசுக் கட்டிடங்களை இடித்துவிட்டு, சுமார் 5.8 கோடி டாலர் செலவழித்த பிறகு மிச்சம் வேலியும் குழியும்தான். ஓட்டுநர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். குழியைப் பார்த்து அவருக்கு வந்தது சிரிப்புதான்.

"அப்ப ஓட்டு யாருக்கு?" என்றேன்.

"அது என் விஷயம். ஓட்டு கண்டிப்பா போடுவேன். ஆனா யாரையும் நம்ப மாட்டேன்."

இரண்டும் எப்படி ஒன்றாகப் போகும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பசி. சாலையோரத்தில் வாச்சே வாங்கிக் கொடுத்தார். அரிசியையும் காராமணியையும் சோள இலை போட்டுச் சிவக்க வேகவைத்து, மேலே கறுப்பு மிளகாய்த் தொக்கு, ஒரு முட்டை, ஒரு மீன் துண்டு, காரணமே இல்லாமல் கொஞ்சம் ஸ்பகெட்டி. எல்லாம் ஒரு பெரிய இலையில். 35 சீடி, நம் காசில் ஏறக்குறைய 200 ரூபாய். அந்தத் தொக்குக்குப் பெயர் ஷிட்டோ. கருவாட்டு மணம் தெரிந்தது, ஒரு பாட்டில் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

விலை பற்றிப் பேசினால் எல்லோருக்கும் முகம் மாறுகிறது. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஆறு சீடி, இப்போது பதினைந்து. அந்த ஆண்டு டிசம்பரில் விலைவாசி முந்தைய டிசம்பரைவிட 54 சதவீதம் ஏறியிருந்தது, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று அரசே கைவிரித்தது. அதே ஆண்டு மே மாதம் கைப்பேசியில் பணம் அனுப்பினால் 1.5 சதவீதம் வரி என்றார்கள். ஓட்டுநர் தன் பணத்தை எல்லாம் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாராம். அவர் மட்டுமில்லை, பலரும் அப்படித்தான் செய்தார்கள். எதிர்பார்த்த வசூல் வராமல் வரியை 1 சதவீதமாக்கினார்கள். அரசாங்கத்தின்மேல் நம்பிக்கை இல்லை என்பதை மனு எழுதாமலே சொல்ல இப்படியும் ஒரு வழி.

டிசம்பர் 5, வியாழன் – குமாசி சாலை

சுமார் 250 கிலோமீட்டர். ஐந்து ஆறு மணி நேரம் என்றார்கள், எங்களுக்குப் பதினொன்று ஆனது. பிரசாரத்துக்குக் கடைசி நாள். வழியெல்லாம் ஆளுங்கட்சியின் யானை, எதிர்க்கட்சியின் குடை. இரண்டு கட்சிப் பாட்டும் ஒரே தாளத்தில்தான் எனக்குக் கேட்டது. ஒலிபெருக்கி அடுக்கிய வண்டி ஒன்று எங்கள் முன்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்தது.

நெரிசலில் காருக்கு இரண்டு பக்கமும் தலைச்சுமையோடு வியாபாரம். வாழைக்காய் வறுவல், உறையவைத்த தயிர், பாக்கெட் தண்ணீர், பல்பொடி, நாய்ச் சங்கிலி. சில்லறையை இடது கையால் நீட்டினால் வாங்க மாட்டார்கள். இது எனக்குச் சொல்லித் தர வேண்டிய பாடமில்லை. ஆனால் வழி கேட்பதானாலும் முதலில் வணக்கம், சௌக்கியமா, அப்புறம்தான் கேள்வி.

பிரிம் ஆற்றுப் பாலத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். தண்ணீர் கெட்டியான மஞ்சள் களிமண் நிறம். திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுகிறவர்கள் ஆற்றுப் படுகையையே சல்லடை போடுகிறார்கள். இதை ஒழிக்க என் பதவியையே பணயம் வைக்கிறேன் என்று அகுஃபோ-அட்டோ 2017இல் சொன்னார். எட்டு வருஷம் முடியப்போகிறது, ஆறு இப்படி. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் இதற்காக அக்ராவில் இளைஞர்கள் தெருவில் இறங்கிக் கைதானார்கள்.

ஒரு தடுப்பில் சீருடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "வீக்கெண்ட் எப்படிப் போகுது?" என்றார். வியாழக்கிழமை. ஓட்டுநர் பத்து சீடியைக் கைகுலுக்கலோடு கொடுத்தார். அப்புறம் எங்களுக்கு மிக நல்ல பயணம் அமைய வாழ்த்து கிடைத்தது.

குமாசிக்குள் நுழைந்ததும் யானைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். இது ஆளுங்கட்சியின் கோட்டை. 1992 அரசியல் சட்டத்துக்குப் பின் எந்தக் கட்சியும் இங்கே தொடர்ந்து மூன்று முறை ஜெயித்ததில்லை. நான்கு நான்காக எட்டு ஆண்டு, அப்புறம் மற்றவன். "எட்டை உடைப்போம்" என்பதுதான் இந்த முறை யானைக்காரர்களின் கோஷம். வேட்பாளர் துணை அதிபர் பாவுமியா, பொருளாதாரம் படித்தவர். படித்தவர் கையில்தானே இருந்தது பொருளாதாரம் என்று எதிர்த்தரப்பு கேலி செய்கிறது. எதிரில் முன்னாள் அதிபர் மஹாமா. அவர் காலத்தில் மின்வெட்டு பயங்கரம், அதற்காகவே 2016இல் தோற்றார் என்பார்கள். ஆக, இருவருக்குமே மக்கள் ஒரு முறை மார்க் போட்டாகிவிட்டது.

விடுதியில் ஃபுஃபு. வேகவைத்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் இடித்த பெரிய உருண்டை, மிளகாய் ரசத்தில் ஆட்டுக்கறியோடு மிதக்கிறது. மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் "நீங்களும் சாப்பிட வாங்க" என்று தன் தட்டைக் காட்டினார். முன்பின் தெரியாதவர். சாப்பிடும்போது யார் வந்தாலும் அப்படிச் சொல்வது இங்கே வழக்கம், நம் ஊரில் குறைந்துகொண்டே வருவது. கல்லூரியில் பாடம் எடுக்கிறவராம். ஆஃப்ரோபாரோமீட்டர் என்று ஓர் அமைப்பு 1999 முதல் ஆப்பிரிக்க நாடுகளில் மக்களிடம் நேரில் கருத்துக் கேட்கிறது, அதன் தலைமையகம் கானாவில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதில் எனக்கு நின்றது இது: கண்டம் முழுக்கக் கேட்டால் மூன்றில் இரண்டு பேர் ஜனநாயகம்தான் வேண்டும் என்கிறார்கள். உங்கள் நாட்டில் அது நடக்கிற லட்சணம் திருப்தியா என்று கேட்டால் பாதிப் பேர்கூடத் தேற மாட்டார்கள். கட்சிகளைவிட ராணுவத்தையும் மதகுருக்களையும் அதிகம் நம்புகிறார்கள்.

பரிமாறிய பையன் உடனே, "புர்கினாவில் த்ராவோரே மாதிரி ஒருத்தர் வந்தால் எல்லாம் சரியாகும்" என்றான். 2022இல் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த பக்கத்து நாட்டு கேப்டன். ஆசிரியர் ஃபுஃபுவை விழுங்கிவிட்டு, "அங்கே இதை இப்படிச் சத்தமாகப் பேச முடியுமா தம்பி?" என்றார்.

டிசம்பர் 6, வெள்ளி – டெச்சிமான், வென்சி

காலையில் குளிர், உதடு வெடிக்கிறது. சஹாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று இறங்கத் தொடங்கிவிட்டது. டெச்சிமான் சந்தையில் ஆள் உயரத்துக்குச் சேனைக்கிழங்கு போல ஒன்றை அடுக்கியிருந்தார்கள். யாம். சேப்ப இலை மசியலோடு வேகவைத்துக் கொடுத்தார்கள். இந்த வாரத்தில் நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இது ஒன்றுதான்.

ஐவரி கோஸ்ட் எல்லையில் சம்பா வரை போவதாகத் திட்டம். நிறைய கொட்டை அந்த எல்லை வழியாக இங்கும் அங்கும் போகும். ஏஜென்டு தலையாட்டிவிட்டார். தேர்தலுக்காக இன்று இரவு தரை எல்லைகளை மூடுகிறார்களாம், ஞாயிறு காலைதான் திறப்பு. ஒரு நாள் வீண். மாற்றாக வென்சிக்குப் பக்கத்தில் 'தாயின்' (Tain) என்கிற தொகுதியில் தோட்டங்களைப் பார்க்கப் போனோம்.

அந்தப் பெயரை அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். 2008 அதிபர் தேர்தல் இரண்டாம் சுற்று. டிசம்பர் 28இல் நாடெங்கும் ஓட்டுப் போட்டாயிற்று, தாயினில் மட்டும் வாக்குச் சீட்டுக் குழப்பத்தால் நடக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் மயிரிழை வித்தியாசம். ஆக இந்த ஒரு தொகுதி 2009 ஜனவரி 2இல் தனியாக ஓட்டுப் போட, நாடே காத்திருந்தது. அப்போது ஆளுங்கட்சி வேட்பாளர் அகுஃபோ-அட்டோ. அவர் கட்சி புறக்கணித்தது. முடிவில் 90 லட்சம் ஓட்டில் சுமார் 40,000 வித்தியாசத்தில் குடைக் கட்சியின் அட்டா மில்ஸ் ஜெயித்தார். ஆட்சி கைமாறியது, பட்டாளம் முகாமிலேயே இருந்தது.

ஒரு தோட்டக்காரப் பெரியவர் அன்றைக்கு வந்த கார்களை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். "அவ்வளவு பெரிய மனுஷங்க இந்த ரோட்டுல வந்தாங்க. அதே ரோடுதான் இது" என்று காலால் புழுதியைத் தட்டினார். அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. டிசம்பர் முதல் வெள்ளி விவசாயிகள் தினம், தேசிய விடுமுறை. இந்த முறை மறுநாள் தேர்தல் என்பதால் நவம்பர் 8க்கே நடத்தி முடித்துவிட்டார்களாம். "எங்க நாளையே எடுத்துக்கிட்டாங்க."

கொட்டைக்கு அரசு குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. அந்த விலை தோட்டத்தில் கிடைப்பதில்லை என்று அவர் என்னைப் பார்த்தே சொன்னார். வாங்குகிற தரப்பில் இருப்பவன் நான். வானத்தைப் பார்த்தேன்.

டிசம்பர் 7, சனி – வென்சிக்கு வெளியே ஒரு கிராமம்

ஓட்டுநரின் மனைவி ஊர் இது. அவருக்கு ஓட்டு இங்கேதான். விடிகாலை நாலரைக்கே கிளப்பிவிட்டார். பள்ளிக்கூடத் திண்ணைதான் வாக்குச்சாவடி. முன்னால் இருட்டில் ஒரு வரிசை கல், நடுவில் இரண்டு செருப்பு, ஒரு பிளாஸ்டிக் குடம். ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்குப் பிடித்த இடம். விடிந்ததும் உரியவர்கள் வந்து கல்லை நகர்த்திவிட்டு நின்றார்கள். சண்டை இல்லை. ஒரு கிழவிக்கு மட்டும் எல்லோரும் வழிவிட்டார்கள், அவர் கல்லே வைக்கவில்லை.

7 மணிக்குத் தொடக்கம். நான் கயிறுக்கு வெளியே, எதிர்க்கடைத் திண்ணையில். விரல் ரேகைக் கருவி சிலரை ஏற்க அடம்பிடித்தது. தோட்ட வேலையில் ரேகை தேய்ந்த கைகள். துடைத்து, ஊதி, இன்னொரு விரல் வைத்து ஒருவழியாகப் பச்சை விளக்கு. அதிபருக்கு ஒரு சீட்டு, எம்.பி.க்கு ஒரு சீட்டு. முத்திரைக் கட்டை கிடையாது, மையில் தோய்த்த கட்டைவிரலையே சின்னத்துக்குப் பக்கத்தில் பதிக்கிறார்கள். பெட்டி கண்ணாடி மாதிரி, சீட்டு விழுவது வெளியே தெரியும்.

பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. வெயில், புழுதி, வேர்க்கடலை. மதியத்துக்கு மேல் வரிசையே இல்லை. போன தடவை இப்படி இல்லை, இருட்டும் வரை ஆள் நின்றார்கள் என்று கடைக்காரம்மா சொன்னார். அவர் வீட்டுச் சுவரில் யானை. "போய்ப் போட்டாச்சா?" என்றதற்கு, "குடைக்கு என் கை போகாது. யானைக்குப் போட மனசு வரலை" என்றார். கடையை விட்டு நகரவே இல்லை.

5 மணிக்குப் பெட்டியை மூடினார்கள். அப்போதுதான் ஊரே வந்தது. ஓட்டுப் போட்டவர், போடாதவர், குழந்தை இடுப்பில் ஏறிய பெண்கள், பந்தோடு பையன்கள். கயிற்றைச் சுற்றி நாலைந்து அடுக்கு. தலைமை அலுவலர் ஓர் இளம் டீச்சர். பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளைப் பிரித்து அடுக்கி, ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே தூக்கி நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். கூட்டம் எண்ணியது. ஒன்று, இரண்டு என்று ஊர் முழுக்க ஒரே குரலில். ஜெயிக்கிறவன் ஆளும் எண்ணுகிறான், தோற்கிறவன் ஆளும் எண்ணுகிறான். ஒரு சீட்டில் ரேகை இரண்டு கட்டத்துக்கு நடுவே விழுந்திருந்தது. கால் மணி நேரம் வாக்குவாதம். கட்சி ஏஜென்டுகள் கிட்டப் போய்ப் பார்த்து, செல்லாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்தது.

பாதியில் கரண்ட் போயிற்று. கூட்டம் "ஓ!" என்று சிரித்தது. மின்வெட்டுக்கு இங்கே தும்சோர் என்று பெயர், அதை வைத்து இரு கட்சியையும் கேலி செய்யலாம். டீச்சர் சீட்டை இறக்கவில்லை. முப்பது நாற்பது கைப்பேசி டார்ச்சுகள் அவர் கையை நோக்கி எரிந்தன. விட்ட எண்ணிலிருந்து மறுபடி.

கடைசியில் ஒரு படிவம். ஊரில் பிங்க் ஷீட் என்கிறார்கள். கூட்டுத் தொகையை எழுதி, ஏஜென்டுகள் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல், ஒன்று சுவரில் ஒட்டியாக வேண்டும். 2012 தேர்தலை எதிர்த்த வழக்கில் ஆயிரக்கணக்கான பிங்க் ஷீட்டுகளை உச்ச நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் அலசினார்கள், நேரடி ஒளிபரப்போடு. 2013 ஆகஸ்டில் தீர்ப்பு மனுதாரர் அகுஃபோ-அட்டோவுக்கு எதிராக வந்தது. எனக்கு உடன்பாடில்லை, ஆனால் ஏற்கிறேன் என்றார் அவர். அந்த வழக்கிலிருந்து கிராமத்துப் பையனுக்கும் இந்தக் காகிதத்தின் மதிப்பு தெரிகிறது. சுவரில் ஒட்டிய அடுத்த நொடி எல்லோரும் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். சுமார் 41,000 சாவடிகளிலும் இப்படி எடுத்து அனுப்பினால், யாராலும் கூட்டிப் பார்த்துவிட முடியும். வானொலிகளும் தொலைக்காட்சிகளும் ராத்திரி முழுக்க அதைத்தான் செய்தன.

இந்த ஆண்டு ஏப்ரல் 19இல் நான் பண்ருட்டியில் பொத்தானை அமுக்கினேன். எண்ணியது ஜூன் 4இல். நடுவில் நாற்பத்தைந்து நாள் இயந்திரம் எங்கோ ஒரு கல்லூரி அறைக்குள் பூட்டிக் கிடந்தது. கோளாறு நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம்மை நம்பச் சொல்கிறார்கள். இங்கே ஓட்டுநர் புதன்கிழமை சொன்னது இதைத்தான்: யாரையும் நம்பாதவர், அதனால்தான் இரவு எட்டரை வரை நின்று, தொண்டை கட்ட எண்ணிவிட்டு வந்தார்.

டிசம்பர் 8, ஞாயிறு – வென்சி

சர்ச்சில் பாட்டு நடக்கும்போதே வெளியே ஹாரன் சத்தம். பாவுமியா தொலைக்காட்சியில் வந்து தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார், மஹாமாவுக்குப் போன் செய்து வாழ்த்தும் சொல்லியாயிற்று. தேர்தல் ஆணையம் இன்னும் ஒன்றும் அறிவிக்கவில்லை. தங்கள் கட்சி சேகரித்த கணக்கே போதும், பதற்றம் வேண்டாம் என்றார். அவர் கையிலும் அதே படிவங்கள்தானே.

குடைக்காரர்கள் வெள்ளை உடுத்தி, முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு தெருவில் ஆடினார்கள். என் சட்டையிலும் ஒரு டப்பா கொட்டியது. ஹர்மத்தான் புழுதியும் சேர்ந்து குளித்தும் போகவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. வடக்கே டமாங்கோவில் தேர்தல் அலுவலகத்துக்குத் தீ வைத்திருக்கிறார்கள். சில தொகுதிகளில் எம்.பி. ஓட்டைக் கூட்டும் மையத்துக்குள் கும்பல் புகுந்து ரகளை. சாவடியில் சுத்தமாக எண்ணிய காகிதம் கூட்டுகிற அறைக்குப் போகும் வழியில்தான் சிக்கல் என்று ஏஜென்டு சொன்னார். மதியம் கடையும் இல்லை, சாப்பாடும் இல்லை. பெட்டியிலிருந்த ஷிட்டோவும் ரொட்டியும்.

டிசம்பர் 9, திங்கள் – மறுபடி குமாசி

கிளம்புமுன் அந்தக் கிராமத்து மன்ற உறுப்பினரைப் பார்த்தோம், கிடங்குக்கு இடம் அவருடையது. மாவட்ட மன்றத்துக்குப் போன டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கட்சி இல்லாத தேர்தல் அது, கொஞ்சம் பேர்தான் வந்து போட்டார்களாம்.

"புது ஆட்சி. ரோடு வருமா?" என்றேன்.

"முதலில் மாவட்டத் தலைவர் வரணும்" என்றார். அவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அக்ராவிலிருந்து அதிபர் ஒரு பெயரை அனுப்புவார், மன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஏற்க வேண்டும். மன்றத்திலேயே முப்பது சதவீதம் பேர் அதிபர் நியமித்தவர்கள். இதை மாற்றுகிறோம் என்று 2019இல் அரசு பொது வாக்கெடுப்பு வரை போய், கடைசி நேரத்தில் கைவிட்டது. சனிக்கிழமை ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டச் சொன்ன ஊருக்கு, ரோட்டுக்கு வந்த பணம் எவ்வளவு என்று காட்ட ஒரு காகிதமும் சுவரில் ஒட்டப்படுவதில்லை. அவரிடம் கேட்டேன். தனக்கே தெரியாது என்றார், கூச்சமே இல்லாமல்.

இரவு குமாசி விடுதியில் ஆணையத் தலைவர் ஜீன் மென்சா முடிவைப் படித்தார். மஹாமா 63 லட்சம், 56.55 சதவீதம். பாவுமியா 46.5 லட்சம். ஒன்பது தொகுதிகள் இன்னும் வரவில்லை, வந்தாலும் மாறாது. வாக்குப்பதிவு 60.9 சதவீதம், 2020இல் 79. கடைக்காரம்மா மாதிரி நிறையப் பேர் போல. பரிமாறும் பையனைத் தேடினேன், விடுப்பாம்.

டிசம்பர் 10, செவ்வாய் – அக்ரா

சாக்கு விலை பேசி முடிந்தது. கிடங்கு வாடகைக்கு மூன்று மாத முன்பணம். ரசீதில் ஏஜென்டு, நான், மன்ற உறுப்பினரின் தம்பி மூவரும் கையெழுத்துப் போட்டோம். பேனாவை மூடுவதற்குள் ஓட்டுநர் அதைப் படம் எடுத்து மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டார்.